குதிரை பிடிக்கும், ஏறத்தான் வேண்டும் என்றில்லை: சிங்கப்பூரில் என்ன வழி?

மார்சிலிங்_மலர்:

வணக்கம். எனக்கும் எட்டு வயது மகளுக்கும் குதிரை என்றால் கொள்ளை ஆசை. பந்தயம் கட்டுகிற ஆசையல்ல, நின்று பார்த்தாலே போதும் என்கிற ரகம். 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு கிராஞ்சியில் பந்தயம் நின்றுபோனதிலிருந்து இந்த ஊரில் குதிரை நிஜமாகவே குதிரைக்கொம்பாகிவிட்டது. 2026 பிப்ரவரி 17-இல் சீனர்களின் குதிரை ஆண்டு பிறந்தது. கடைத்தொகுதி வாசலெல்லாம் அட்டைக் குதிரை. உயிருள்ளதுதான் கண்ணில் படுவதில்லை.

எங்கே போய்ப் பார்க்கலாம்? பக்கத்தில் போக விட்டால் பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும், கேரட் கொடுக்கலாமா? அப்புறம் முக்கியமாக, "அழகாக இருக்கிறது" என்பதற்கு மேல் ஒரு குதிரையில் எதைப் பார்ப்பது?

ரேஸ்கோர்ஸ்_ரோடு:

எங்கே என்பதற்கு மட்டும் சொல்கிறேன். மற்றதைப் பஞ்சகல்யாணி வந்து சொல்வார், அது அவர் பேட்டை.

தாம்சன் ரோடு பக்கம் மவுண்ட் பிளசன்டில் போலோ கிளப் இருக்கிறது. 1886-இல் தொடங்கியது. ஆட்ட நாளில் உறுப்பினரல்லாதவரை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். புக்கிட் தீமா சேடல் கிளப் 1951-இல், ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவதற்காகவே தொடங்கப்பட்டது. இவை போக, சவாரி கற்றுத்தரும் லாயங்கள் சில உண்டு. ஆனால் இந்த ஊரில் நிலக் குத்தகை எப்போது முடியும், லாயம் எப்போது இடம் மாறும் என்று சொல்வதற்கில்லை. இணையத்தில் கிடைக்கிற பழைய முகவரியை நம்பி டாக்சி ஏறாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

போலோவை முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டு குழப்பம் வரும். அணிக்கு நான்கு பேர், 7 நிமிடச் சுற்று ஒன்றுக்குச் சக்கர் என்று பெயர். கோல் விழுந்ததும் இரு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும். அதைக் கவனிக்காவிட்டால் அடுத்த கோல் யாருக்கு என்றே புரியாது. இரண்டாவது, பந்து போகும் கோட்டில் வருபவருக்குத்தான் வழி. குறுக்கே பாய்ந்தால் தப்பு, ஊதல் ஊதிவிடுவார்கள். நடுவர் அடிக்கடி நிறுத்துவது பெரும்பாலும் இதற்காகத்தான். குதிரைகளின் காலில் துணி சுற்றியிருக்கும், வாலைப் பின்னி முடிச்சுப் போட்டிருப்பார்கள், பிடரியை ஒட்ட மழித்திருப்பார்கள். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். காலில் துணி, அடிபடாமலிருக்க. மற்ற இரண்டும், மட்டையும் கடிவாள வாரும் முடியில் சிக்காமலிருக்க.

காசு செலவில்லாமல் ஒன்று: தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்துவிட்டு வாருங்கள். மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்கள் பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஃபேரர் பார்க்கில் 1843-இல் முதல் பந்தயம் நடந்தது. 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போகும்வரை அங்கேதான் குதிரை ஓடியது. 1911-இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் அந்தப் பந்தயத் திடலில்தான். பந்தயத் திடல் 1999-இல் கிராஞ்சிக்குப் போனது. இப்போது அந்தப் பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

பஞ்சகல்யாணி:

மலர், உங்கள் மூன்றாவது கேள்விதான் சுவையானது. குதிரையைப் பார்க்கப் போகிற எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். காலிலிருந்து தொடங்குங்கள்.

முன்னங்காலில் நாம் முட்டி என்று நினைப்பது அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டு அதன் குதிகால். அதாவது அரை டன் உடம்பை நான்கு விரல் நுனியில் நிறுத்தி வைத்திருக்கிறது. குளம்பு அந்த விரலின் நகம். அந்த "முட்டி"க்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் தசைநாணும் தோலும்தான். கீழ்க்கால் அவ்வளவு மெல்லிசாக இருப்பதும், அங்கே அடிபட்டால் ஆறுவது அவ்வளவு கடினமாக இருப்பதும் இதனால்தான். லாடம் அடிப்பதைப் பார்த்துப் பிள்ளை பயந்தால் சொல்லுங்கள்: ஆணி இறங்குவது உணர்ச்சியில்லாத நகப்பகுதியில், நாம் நகம் வெட்டுவது போலத்தான். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும்.

நிற்கும் குதிரை ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்திருந்தால் அது ஓய்வெடுக்கிறது. நல்ல அறிகுறி. முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு அதில் பாரம் போடாமல் நின்றால் அந்தக் காலில் ஏதோ வலி. பின்னங்கால் என்றால் சுகம், முன்னங்கால் என்றால் சந்தேகம். இது ஒன்று தெரிந்தாலே பாதிப் பார்வை வந்துவிட்டது. நொண்டுகிறதா என்று பார்க்கத் தலையைப் பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு குளம்பொலி கேளுங்கள். சாதாரண நடையில் நான்கு காலும் தனித்தனியாக விழும்: நான்கு ஒலி, ஒரே இடைவெளி. டிராட் என்கிற ஓட்டநடையில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழுவதால் இரண்டே ஒலி. கேன்டர் என்கிற மிதவேக ஓட்டத்தில் மூன்று ஒலி, பிறகு ஒரு கணம் மௌனம். அந்த மௌனத்தில் நான்கு காலும் காற்றில் இருக்கும். நாலுகால் பாய்ச்சலில் மறுபடி நான்கு ஒலி, ஆனால் தாளம் நெருங்கி வரும். மிருதங்கம் கேட்டுப் பழகிய காது என்றால் பத்தே நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

அந்த மௌனத்தைப் பற்றி ஒன்று. ஓவியங்களில் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு குதிரை பறப்பதாக வரைவார்கள். பாய்ச்சலில் அப்படி ஒரு நிலையே கிடையாது. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்தபோதுதான் தெரிந்தது: நான்கு காலும் தரையை விட்டு எழும்புவது, கால்கள் எல்லாம் வயிற்றுக்கடியில் குவியும்போது. உங்கள் கடைத்தொகுதி அட்டைக் குதிரைகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள், பாதி தேறாது. குதிரை ஓவியத்துக்குப் பேர்போன சூ பெய்ஹோங் இந்த ஊரில் தங்கி வரைந்தவர். 1939-இல் சீனாவின் போர் நிவாரணத்துக்கு நிதி திரட்ட இங்கே கண்காட்சி வைத்தார். அவர் குதிரைகளைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கால்களை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

காது சொல்வதைக் கேளுங்கள். இரண்டும் முன்னால் என்றால் எதையோ கவனிக்கிறது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்றால் இரண்டு பக்கமும் காது கொடுக்கிறது. மேலே ஆள் இருக்கும்போது இது வழக்கம். இரண்டும் பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டால் கோபம். அப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், கொஞ்சிச் சமாதானப்படுத்த முயல வேண்டாம்.

நிறத்துக்கு வந்தால், நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்வதில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து ஆண்டுக்காண்டு நரைத்தவை. மூக்கைப் பாருங்கள், தோல் கறுப்பாக இருக்கும். பிறவி வெள்ளைக்குத் தோல் இளஞ்சிவப்பு. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் நம் ஊரில் பஞ்சகல்யாணி. (என் புனைபெயர் அதுதான், ஆமாம்.) நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி பார்த்துக் குதிரை வாங்குவது நம்மவர் வழக்கம். ராசி பலன் இருக்கட்டும். சுழி குதிரைக்குக் குதிரை மாறுவதால், குதிரைக்குக் கொடுக்கிற அடையாளப் பத்திரத்தில் இன்றைக்கும் சுழி இருக்கும் இடங்களைக் குறிக்கிறார்கள். கைரேகை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுப்பை:

தீனி பற்றிச் சொல்கிறேங்க. கேட்காம எதையும் கொடுக்காதீங்க, அதுதான் முதல் விதி. சைஸ், அதாவது குதிரையைப் பார்த்துக்கிறவர், சரின்னு சொன்னா மட்டும். அந்தக் குதிரைக்கு மருந்து ஓடலாம், வயிற்றுக் கோளாறு இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தா தெரியாது.

கேரட்டை வட்ட வட்டமா நறுக்காதீங்க. வட்டத் துண்டு உணவுக்குழாயில் தக்கை மாதிரி அடைச்சுக்கும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அடைச்சா வெளியே வர வழியில்லை. நீளவாக்கில் விரல் நீளத்துக்கு நறுக்குங்க. ஆப்பிள்னா கால் பாகமா வெட்டி விதையை எடுத்துடுங்க. ரெண்டு மூணு துண்டு போதும். ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், வெங்காயம், வெண்ணெய்ப்பழம் எதுவும் வேண்டாம். முக்கியமா, புளோக் கீழே வெட்டிப் போட்ட புல்லைப் பாசமா அள்ளிக்கிட்டுப் போகாதீங்க. வெட்டிக் குவிச்ச ஈரப்புல் சீக்கிரம் புளிச்சுச் சூடாகும், அது வயித்துக்குள்ள போனா உபத்திரவம்.

கொடுக்கும்போது உள்ளங்கையைத் தட்டையா விரிச்சு, கட்டைவிரலைப் பக்கத்தில் ஒட்டி வைக்கணும். குதிரைக்குத் தன் வாய்க்கு நேர் கீழே இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது, உதட்டாலும் மீசையாலும் தடவித்தான் எடுக்கும். விரலைக் குவிச்சு நீட்டினா கேரட் எது விரல் எதுன்னு அதுக்கு வித்தியாசம் கிடையாது. எட்டு வயசுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி, வாளியில போட்டு வாளியை நீட்டுறது. கையிலேயே வாங்கித் தின்னு பழகின குதிரை அப்புறம் வர்றவங்க சட்டைப்பையெல்லாம் கடிக்கும்.

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்"னு பழமொழி இருக்கு. ஆனா இப்ப எந்த நல்ல லாயத்திலும் கொள்ளோ தானியமோ பிரதானம் இல்லை. 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 9 கிலோ உலர்புல். அதைக் கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க. அதன் இரைப்பை உடம்பைப் பார்க்க ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான். மொத்தமா தானியத்தைக் கொட்டினா பெருங்குடலில் புளிச்சு வயித்துவலி, அதோட குளம்புக்குள்ள வீக்கமும் வரும். இன்னொண்ணு, உலர்புல் வேற வைக்கோல் வேற. நாம ரெண்டையும் வைக்கோல்னே சொல்லிடுறோம். உலர்புல் தீனி, பச்சையா அறுத்துக் காய வைச்சது. வைக்கோல் கதிர் அடிச்ச பிறகு மிஞ்சின தட்டை, அது படுக்கைக்கு.

மார்சிலிங்_மலர்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இன்னும் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். இணையத்தில் ஒரு காணொளியில் சவாரி முடிந்து வந்த குதிரையின் கழுத்திலும் தொடைக்கு நடுவிலும் வெள்ளை நுரை, சோப்புப் போட்டது போல. அது நோயா? அப்புறம், கைப்பேசியில் குதிரையைப் படமெடுத்தால் தலை மட்டும் பூதாகாரமாகவும் உடம்பு எலிக்குட்டி போலவும் வருகிறதே, ஏன்?

பஞ்சகல்யாணி:

நோய் இல்லை, அம்மா. குதிரையின் வியர்வையில் சோப்பு போல வேலை செய்யும் ஒரு புரதம் உண்டு, பெயர் லாதெரின். எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த முடியில் வியர்வை முத்து முத்தாக நிற்காமல் பரவி ஆவியாக அது உதவுகிறது. கடிவாள வார் உரசும் கழுத்தில், தொடையும் தொடையும் உரசும் இடத்தில் அடித்து அடித்து நுரையாகிவிடும்.

இந்த ஊருக்கு உண்மையில் பயப்பட வேண்டியது வியர்க்கிற குதிரைக்காக அல்ல, வியர்க்காத குதிரைக்காக. புழுக்கம் ஓயாத ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பு குறைந்து கடைசியில் வற்றியே போகும். மற்றவை நனைந்து நிற்கும்போது இது காய்ந்த மேனியோடு, மூக்கை விரித்து மூச்சிரைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு என்பது கணக்கு. விலா எலும்புக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தெரிந்துவிடும், பிள்ளைக்கு நல்ல விளையாட்டும் கூட. வேலை முடிந்து நெடுநேரமாகியும் மூச்சு அடங்காவிட்டால் லாயத்து ஆளிடம் சொல்லுங்கள், உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள். விடிகாலையிலேயே சவாரியை முடிப்பதும், அறைக்கு அறை மின்விசிறி சுழல்வதும், குளிப்பாட்டும்போது தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதும் இதற்காகத்தான்.

படம்: கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகலக்கோணம். மூக்குக்கு அருகில் நின்றால் மூக்கு பெரிதாகத்தான் வரும். ஐந்தாறு மீட்டர் தள்ளிப் போய், இரண்டு மூன்று மடங்கு ஜூமில், கைப்பேசியைக் குதிரையின் தோள் உயரத்துக்கு இறக்கி, நேர் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகிவிடும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஓட்டத்தை எடுக்கத் தொடர்படம் போட்டு, கால்கள் வயிற்றுக்கடியில் குவியும் அந்த ஒரு படத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ரேஸ்கோர்ஸ்_ரோடு:

பக்கத்தில் போகும் முறையை யாரும் சொல்லவில்லையே. கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை தெரியும். தெரியாத இடம் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால். ஆகவே நேராகப் போய் நெற்றியைத் தொடாதீர்கள். இடது தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக, பேசிக்கொண்டே போங்கள். முதலில் கழுத்திலோ தோளிலோ தடவுங்கள். தட்டுவதைவிடச் சொறிவது அதற்குப் பிடிக்கும், முக்கியமாகப் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில். மேலுதடு நீண்டு நடுங்கினால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். பின்னால் கடக்க வேண்டியிருந்தால் ஒன்று மூன்று மீட்டர் தள்ளி, இல்லையென்றால் பின்புறத்தில் கை வைத்தபடி ஒட்டி உரசிக்கொண்டு. நடுவாந்தரத் தூரத்தில்தான் உதை முழு வேகத்தோடு விழும். கயிற்றைப் பிடிக்கக் கொடுத்தால் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். குதிரை மிரண்டு இழுத்தால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும். குடை, பிளாஸ்டிக் பை, ஸ்லிப்பர் மூன்றையும் காரிலேயே விட்டுவிடுங்கள்.

சேணக்காரன்:

தாமதமாக வந்தேன். மகள் ஒருநாள் ஏற வேண்டும் என்று நிச்சயம் கேட்பாள், அதற்கும் சேர்த்து. வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். ஏறுவதானால் நீளக் கால்சட்டை. ஜீன்ஸ் என்றால் உள்தையல் தொடையை உரசிப் புண்ணாக்கும். அரை அங்குலத்துக்கு மேல் குதி உள்ள மூடிய காலணி வேண்டும். குதி இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போகும். தலைக்கவசத்தை லாயத்தில் தருவார்கள். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி. சேணத்தின் வயிற்றுவாரை ஏறும் முன்பு ஒருமுறை, நாலு எட்டு நடந்தபின் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பார்கள். கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் கள்ளக் குதிரைகள் உண்டு. பழகாதவர் எல்லோரும் செய்யும் தவறு, நிலை தடுமாறினால் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பது. மறுமுனை இருப்பது குதிரையின் வாயில். பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்கு வலிக்காது.

மலர், உங்களுக்கு ஏறும் ஆசை இல்லை என்றீர்கள். அப்படியென்றால் ஆர்டிஏ எனப்படும் உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கத்தில் தொண்டூழியம் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 1982 முதல் இருக்கிறது. சவாரி தெரிந்திருக்க வேண்டியதில்லை, சொல்லிக்கொடுப்பார்கள். ஒருவர் குதிரையை நடத்திச் செல்வார், தேவைப்பட்டால் இரு பக்கமும் ஒவ்வொருவர் நடப்பார்கள். பக்கத்தில் நடப்பவரின் முன்கை, மேலே இருக்கும் பிள்ளையின் தொடைமீது படிந்து சேணத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும். குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசைகிற அசைவு மனித இடுப்பு நடக்கும்போது அசைவதைப் போலவே இருப்பதால், நடக்க முடியாத பிள்ளையின் உடம்புக்கும் அந்த அசைவு கிடைக்கிறது. அரை மணி நேரம் குதிரையின் தோளோடு தோளாக மணலில் நடக்க வேண்டும். கால் வலிக்கும், பழைய காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.

மார்சிலிங்_மலர்:

சேணக்காரன் அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே விசாரிக்கிறேன். மகளுக்குத் தொண்டூழிய வயது வராதே, அவளை என்ன செய்வது?

கொள்ளுப்பை:

வேலிக்கு வெளியே உட்கார்ந்து மூச்சு எண்ணட்டும். அரை நிமிஷம், ரெண்டால் பெருக்கணும், மறந்துடாதீங்க.